கைநாட்டுக்காரனின் கையெழுத்து

2021 ஒக்ரோபரில் நியூ யோர்க்கில் ஒரு பழைய புகைப்படம் ஏலத்துக்கு வந்தது. 1911இல் கிளீவ்லாந்து பேஸ்போல் அணி பயிற்சிக்குப் போன இடத்தில் எடுத்த படம். படத்தில் ஒரு இளைஞன். அதன் மேல் அவனுடைய பெயர், அவன் கையாலேயே எழுதியது. விலை 14 லட்சத்து 70 ஆயிரம் டொலர்.

அந்த இளைஞன் ஜோ ஜாக்சன். புதுச் சப்பாத்து கடித்து, கால் கொப்புளித்து, ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு விளையாடியதால் 'சப்பாத்தில்லாத ஜோ' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பேஸ்போலில் பத்துத் தரம் மட்டை பிடித்து மூன்று தரம் சரியாக அடித்தாலே ஆளை நட்சத்திரம் என்பார்கள். அந்த 1911ஆம் ஆண்டு ஜாக்சன் பத்துக்கு நாலுக்கு மேல் அடித்தார். அவருடைய சராசரி .408.

அப்ப அந்த 14 லட்சம் டொலர் அவருடைய அடிக்குத்தானே எண்டு நினைப்பீர்கள். இல்லை. அவரளவுக்கு அடித்த வேறு ஆட்களின் கையெழுத்து இதில் சிறு பங்கு விலைக்கே கிடைக்கிறது. ஜாக்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும், மனைவி கேட்டி எழுதிக் காட்டியதைப் பார்த்து, படம் கீறுவதுபோல மெதுவாகக் கீறுவார். முடிந்தவரை கீறாமலே தவிர்ப்பார். அதனால் அவருடைய கையெழுத்து உலகத்தில் மிகக் குறைவு. குறைவாக இருப்பதால் விலை அதிகம்.

எங்கட ஊரில எழுதத் தெரியாத ஆளைக் 'கைநாட்டு' எண்டு நக்கலடிப்பாங்கள். அங்க அதே கைநாட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சு ஏலம் விடுறாங்கள். இரண்டு இடத்திலும் அந்த மனிசனுக்கு மரியாதை இல்லை என்பதுதான் ஒற்றுமை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பழைய பேஸ்போல் கையெழுத்துச் சந்தையில் 'அரிது' என்று சொல்லி விற்கிற பல பொருட்கள், யாரோ ஒருவருக்கு நடந்த அநியாயத்தின் மிச்சம். சந்தை அந்த அநியாயத்துக்குத்தான் விலை போடுகிறது. விலையை வாங்கிக்கொண்டு போகிறவர் அதை அனுபவித்தவர் இல்லை. இதை ரசிகர்களின் அன்பு, வரலாற்றுப் பாதுகாப்பு, நல்ல முதலீடு என்றெல்லாம் பூசி மெழுகுவதை நிறுத்த வேண்டும்.

வாசிக்கத் தெரியாதவர் ஒப்பமிட்ட கடதாசிகள்

ஜாக்சன் தென் கரோலினாவில் பிறந்தவர். ஆறேழு வயதிலேயே பஞ்சாலையில் வேலைக்குப் போனார். பாடசாலை என்பது அவருக்கு வாய்க்கவில்லை. ஆலையின் அணிக்காக விளையாடத் தொடங்கி, அங்கிருந்து மேலே வந்தவர். 'அரிய கையெழுத்து' என்ற சொல்லின் முதல் வரி இந்தப் பஞ்சாலையில்தான் எழுதப்பட்டது. அந்தப் பிள்ளையை ஆலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால், இண்டைக்கு அவருடைய கையெழுத்து ஆயிரக்கணக்கில் கிடந்திருக்கும், விலையும் சாதாரணமாக இருந்திருக்கும்.

இதைவிட மோசமான பகுதி பிறகு வருகிறது. 1920 பெப்ரவரியில் சிக்காகோ வைட் சொக்ஸ் அணி அவரோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டது. அந்தக் கால ஒப்பந்தங்களில் பத்து நாள் முன்னறிவித்தல் கொடுத்து ஆளை வெளியேற்றலாம் என்று ஒரு விதி இருக்கும். அந்த விதியை எடுத்துவிட்டோம் என்று அணியின் செயலாளர் தன்னிடம் சொன்னார், மனைவி வாசித்துப் பார்க்க விடாமல் வீட்டுக்கு வெளியில் வைத்தே ஒப்பம் வாங்கினார் என்பது ஜாக்சனின் வாக்குமூலம். அணித் தரப்பு இதை மறுத்தது. ஆனால் விதி ஒப்பந்தத்தில் அப்படியே இருந்தது.

அதே வருட செப்டெம்பரில் 1919 உலகத் தொடர் சூதாட்ட விவகாரம் வெடித்தது. அணிக்காக வேலை செய்த சட்டத்தரணிதான் ஜாக்சனுக்கும் புத்திமதி சொன்னார். தான் சொல்வதைத் தனக்கெதிராகப் பயன்படுத்தக்கூடாது என்ற பாதுகாப்பைக் கைவிடுகிற பத்திரத்திலும் ஜாக்சன் ஒப்பமிட்டார். வாசிக்கத் தெரியாத மனிசன், வாசித்துச் சொல்ல வந்தவரோ முதலாளியின் ஆள். ஜாக்சன் சுத்தமானவர் என்று நான் வாதாட வரவில்லை. சூதாட்டக்காரர்களின் 5,000 டொலர் தன் கைக்கு வந்ததை அவரே ஒத்துக்கொண்டார். 1921இல் ஜூரிகள் அவரையும் மற்றவர்களையும் விடுதலை செய்தார்கள். அடுத்த நாளே பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுளுக்கும் தடை செய்தார். சம்பளப் பாக்கி கேட்டு ஜாக்சன் போட்ட வழக்கு 1924இல் விசாரணைக்கு வந்தது. ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி அந்தத் தீர்ப்பைத் தூக்கிவிட்டார்.

அவருடைய வாழ்க்கையை உடைத்ததெல்லாம் அவர் ஒப்பமிட்ட கடதாசிகள். அதே ஒப்பத்துக்குத்தான் இண்டைக்குப் போட்டி போட்டு விலை கேட்கிறார்கள். பேஸ்போல் தெரியாத எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. தோட்டத்துக் கந்தோரிலும் காணிக் கந்தோரிலும் அடகுக் கடையிலும் என்ன எழுதியிருக்கு எண்டு தெரியாமல் பெருவிரலை உருட்டிப் போட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாங்கள்.

இன்னொன்று. ரசிகர்கள் கேட்டனுப்பிய பல கையெழுத்துகளைக் கணவனுக்காகக் கேட்டிதான் எழுதிக் கொடுத்தார். கடிதங்களுக்குப் பதில் எழுதியதும் அவர்தான். அந்தக் குடும்பத்தின் எழுத்தறிவு முழுவதும் அவருடைய கையில் இருந்தது. சந்தையில் கேட்டி எழுதிய 'ஜோ ஜாக்சன்' கண்டுபிடிக்கப்பட்டால் விலை தடாரென்று விழுகிறது. 'அசல் இல்லை' என்கிறார்கள். ஒரு பெண் முப்பது நாற்பது வருடமாகச் செய்த வேலை அசல் இல்லை. வாழ்நாளில் சில தரம் தட்டுத்தடுமாறிக் கீறியது அசல்.

யாரும் கேட்காத கையெழுத்து

ஜாக்சனாவது வெள்ளையர். ஜோஷ் கிப்சனைப் பாருங்கோ.

கிப்சன் கறுப்பினத்தவர்களின் லீக்குகளில் விளையாடிய விக்கெட் காப்பாளர் மாதிரியான 'கட்சர்'. அவர் காலத்தில் பெரிய லீக்குகளுக்குள் கறுப்பினத்தவர் ஒருவரும் விளையாட முடியாது. சட்டப் புத்தகத்தில் எழுதிய தடை இல்லை. முதலாளிமார் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எழுதாத உடன்பாடு. ஜக்கி ரொபின்சன் அந்தச் சுவரைத் தாண்டி புரூக்ளின் அணிக்காக இறங்கியது 1947 ஏப்ரல் 15. கிப்சன் செத்தது அதே வருடம் ஜனவரி 20. வயது 35. மூன்று மாதம் பிந்திவிட்டது.

2024இல் பெரிய லீக் நிர்வாகம் கறுப்பின லீக்குகளின் பதிவுகளையும் தன் உத்தியோகபூர்வக் கணக்கில் சேர்த்தது. டை கொப் என்ற வெள்ளை நட்சத்திரம் பல தலைமுறையாக வைத்திருந்த வாழ்நாள் சராசரிச் சாதனையைத் தாண்டி .372 உடன் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். செத்து 77 வருடத்துக்குப் பிறகு.

கிப்சனின் கையெழுத்தும் சேகரிப்பாளர்கள் தலைகீழாக நின்று தேடுகிற ஒன்று. ஏன் அரிது? அவருக்கு எழுதத் தெரியும். பேனாவும் இருந்தது. கேட்க ஆளில்லை, கேட்டு வாங்கினதையும் பத்திரப்படுத்த ஆளில்லை. வெள்ளைப் பத்திரிகைகள் அவர்களின் ஆட்டத்தை எழுதவில்லை. பந்தையும் கடதாசியையும் பெட்டியில் பூட்டி வைக்க வசதியுள்ள சேகரிப்பாளர்கள் அந்த மைதானங்களுக்குப் போகவில்லை. பஸ்ஸில் இரவெல்லாம் பயணம் செய்து, சாப்பிட விடுகிற கடையைத் தேடித் திரிந்த ஆட்களின் கையெழுத்து எப்படி மிஞ்சும்?

அப்ப, இந்த அரிதுக்கு நிறவெறி என்று பெயர் சொன்னால் என்ன? ஏல விளம்பரத்தில் 'மிக மிக அரியது' என்று போடுவார்கள். 'வெள்ளைக்காரர்கள் கேட்காததால் அரியது' என்று போட மாட்டார்கள். முதற்சொன்னது விலையைக் கூட்டும். மற்றது கேள்வியைக் கூட்டும்.

கிப்சனைப் பிற்ஸ்பேர்க்கில் புதைத்தார்கள். 1975 வரை அந்தக் குழியில் பெயர் பொறித்த கல் இல்லை. 1972இலேயே அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்துவிட்டார்கள். கல் வைக்க மேலும் மூன்று வருடம் எடுத்தது. கடதாசியில் உள்ள பெயருக்கு வீடு வாங்குகிற காசு. குழியில் பெயர் எழுத ஒரு கல்லுக்கு 28 வருடம்.

செத்தால் விலை ஏறும் என்பதும் இந்தச் சந்தையின் விதி. புவெர்ட்டோ ரிக்கோவின் ரொபேர்ட்டோ கிளமென்ரே, நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட சனத்துக்கு நிவாரணப் பொருட்களோடு போனபோது 1972 டிசெம்பர் 31 அன்று விமானம் கடலில் விழுந்து இறந்தார். வயது 38. அவருடைய கையெழுத்தைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் கதைக்கும்போது 'இளவயதில் இறந்ததால் வழங்கல் குறைவு' என்பார்கள். வழங்கல்! மனிசன் உதவி செய்யப் போய்ச் செத்தது இவர்களுக்கு வழங்கல் பிரச்சினை.

மனிசனை விற்ற துண்டு

1919 டிசெம்பர் 26 திகதியிட்ட ஒரு கடதாசி இருக்கிறது. பொஸ்டன் ரெட் சொக்ஸ் முதலாளி, பேப் ரூத் என்ற விளையாட்டு வீரரை நியூ யோர்க் யாங்கீஸ் முதலாளிக்கு 1,00,000 டொலருக்கு விற்ற ஒப்பந்தம். 2005இல் அந்தக் கடதாசி ஏலத்தில் 9,96,000 டொலருக்குப் போனது. அதில் இருப்பது விற்றவரின் ஒப்பமும் வாங்கினவரின் ஒப்பமும். ரூத்தின் கையெழுத்து அதில் இல்லை. மனிசனை விற்க மனிசனின் சம்மதம் தேவைப்படவில்லை.

இது எப்படி நடந்தது? ஒரு வீரர் ஒருமுறை ஒப்பமிட்டால், அந்த ஒப்பந்தம் முடிந்தாலும் அவரை விடாமல் வைத்திருக்க அணிக்கு உரிமை கொடுக்கிற ஒரு விதி அப்போது இருந்தது. போக வேண்டுமென்றால் அணி விற்க வேண்டும், அல்லது விட வேண்டும். தானாகப் போக முடியாது. 1969இல் கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர், தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து, நான் வாங்கி விற்கிற சொத்தில்லை என்று ஆணையாளருக்கு எழுதினார். உயர் நீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார். அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. 1975இல்தான், வேறு இரண்டு வீரர்களின் வழக்கில், ஒரு நடுவரின் தீர்ப்பு அந்த விலங்கை உடைத்தது.

'விண்டேஜ்' என்று சந்தை கொண்டாடுகிற காலம் பெரும்பாலும் இந்த விலங்குக் காலம். அந்தக் காலத்து வீரரின் ஒப்பத்தைச் சுவரில் மாட்டுகிறபோது, அதே ஒப்பம் இன்னொரு கடதாசியில் அவரைக் கட்டிப்போட்டதையும் சேர்த்துத்தான் மாட்டுகிறீர்கள்.

அசல் எது, ஸ்ரிக்கர் எது

சரி, வரலாற்று அநியாயம் எல்லாம் இருக்கட்டும், குறைந்தபட்சம் கையெழுத்தாவது உண்மையானதா?

1990களின் பின்பகுதியில் எஃப்.பி.ஐ. கலிபோர்னியாவை மையமாக வைத்து 'புல்பென்' என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தியது. சான் டியாகோ வீரர் ரோனி குவின் தன்னுடைய பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்கப்படுவதைக் கண்டு முறையிட்டவர்களில் ஒருவர். விசாரணையில் அகப்பட்டது ஒரு முழுத் தொழிற்சாலை. கையெழுத்துப் போட ஒரு ஆள், பழைய பந்து தேட ஒரு ஆள், அதை அரக்குப் பூசிப் பழசாக்க ஒரு ஆள், சான்றிதழ் அடிக்க ஒரு ஆள், விற்க ஒரு ஆள். ரூத்தின் பெயர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அன்னை தெரேசா கையெழுத்திட்ட பேஸ்போல் கூட அங்கிருந்து பிடிபட்டது. கொல்கத்தாவில அம்மா எப்ப பந்து வீசினவா எண்டு வாங்கினவர் ஒருக்காலும் யோசிக்கவில்லையா?

இதற்குப் பிறகு, 2001இல் பெரிய லீக் நிர்வாகம் புதுக் கையெழுத்துகளுக்கு ஒரு முறை கொண்டுவந்தது: சாட்சி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, இலக்கமிட்ட ஹொலோகிராம் ஒட்டுவார். இனிப் போடுகிற கையெழுத்துக்கு இது நல்லது. 1925இல் போட்ட கையெழுத்துக்குச் சாட்சி எங்கே? அங்கே இன்னொரு தொழில் முளைத்தது. காசு வாங்கிக்கொண்டு 'எங்கள் கருத்தில் இது அசல்' என்று கடிதம் கொடுக்கிற நிறுவனங்கள். அதில் கவனமாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் இருப்பது கருத்து. அந்தக் கருத்துத்தான் இப்போது சரக்கு. ஒரே பந்து, ஒரே மை. கடிதத்தோடு ஒரு விலை, கடிதம் இல்லாமல் இன்னொரு விலை. வாங்குகிறவர் ரூத்தை நம்பவில்லை, தன் கண்ணை நம்பவில்லை, ஸ்ரிக்கரை நம்புகிறார்.

அந்தக் காலத்தில் அணியின் உடைமாற்றும் அறையில் எடுபிடி வேலை செய்த பெடியள், நட்சத்திரங்களுக்கு அலுப்பு என்றால் பந்துகளில் அவர்களுடைய பெயரைத் தாங்களே எழுதிக் கொடுப்பது சாதாரணம். அந்தப் பந்தைத் தாத்தா வாங்கி, அப்பா காத்து, மகன் வைத்திருக்கிறான். மூன்று தலைமுறை அன்பு. ஸ்ரிக்கர் கொம்பனி 'இல்லை' என்று சொன்ன அன்றைக்கு அந்த அன்புக்கு விலை பூச்சியம் ஆகிவிடுகிறது. அன்புதான் முக்கியம் என்றால் அது ஏன் பூச்சியம் ஆகிறது?

களவும் இருக்கிறது. நியூ யோர்க் பொது நூலகத்தில் பேஸ்போலின் ஆரம்ப காலத் தலைவர்களில் ஒருவரான ஹரி ரைட்டின் கடிதப் புத்தகங்கள் இருந்தன. பொதுச் சொத்து, யாரும் போய் வாசிக்கலாம். அதிலிருந்து கடிதங்கள் காணாமல் போயின. 2009இல் ரைட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஏலப் பட்டியலில் தலைகாட்டியபோது எஃப்.பி.ஐ. தலையிட வேண்டி வந்தது. நூலகத்தில் இருக்கும்போது ஒரு கடிதத்தை எத்தனை பேரும் வாசிக்கலாம். கிழித்து எடுத்தால் ஒருவர் மட்டும் வைத்திருக்கலாம். அந்த 'ஒருவர் மட்டும்' என்பதற்குத்தான் விலை.

'நாங்கள் இல்லாட்டி குப்பைக்குப் போயிருக்கும்'

சேகரிப்பாளர்களின் முதல் பதில் இதுதான். பாதி சரி. பழைய வீடுகளின் மேற்தட்டில் கிடந்து கறையான் அரிக்கவிருந்த எத்தனையோ பொருட்களைக் காப்பாற்றியது இவர்களின் விசர்தான். அந்த விசரை நான் மதிக்கிறேன்.

ஆனால் காப்பாற்றுவது வேறு, அடைத்து வைப்பது வேறு. கிப்சனை 2024இல் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது யாரோ வங்கிப் பெட்டகத்தில் பூட்டிய அவருடைய கையெழுத்து இல்லை. பழைய கறுப்பினப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு ஆட்டத்தின் விபரத்தையும் வருடக்கணக்காகத் தோண்டியெடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரித் திறந்து வைத்த ஆய்வாளர்கள்தான் அதைச் சாத்தியமாக்கினார்கள். அவர்களும் ரசிகர்கள்தான். கல்லில்லாமல் கிடக்கிற கறுப்பின லீக் வீரர்களின் குழிகளைத் தேடிப்போய், காசு சேர்த்துப் பெயர்க் கல் வைக்கிற ஒரு குழு 2004இலிருந்து வேலை செய்கிறது. தொடக்கி வைத்தவர் இலினோய் மாநிலத்தில் மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியர். அவரும் ரசிகர்தான். ஒரு பெயரை நேசிக்கிறது எண்டால் அது.

இரண்டாவது பதில்: 'வீரர்களே விற்றார்கள்தானே.' ஓம், விற்றார்கள். 1980களில் மண்டபம் எடுத்து, மேசை போட்டு, பழைய நட்சத்திரங்களை இருத்தி, கையெழுத்துக்கு இவ்வளவு என்று ரிக்கெட் விற்கிற கண்காட்சிகள் பெருகின. விலங்குக் காலத்தில் விளையாடிய பலருக்குத் தங்கள் பெயரைத் தாங்களே விற்கக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அதுதான். மாறிப்போன பழைய கணக்கைக் கொஞ்சம் நேராக்கினார்கள். அதில் நான் பிழை காணவில்லை. அந்த வருமானத்துக்கு வரி கட்டாமல் 1995இல் இரண்டு புகழ் மண்டப வீரர்கள் குற்றத்தை ஒத்துக்கொண்டதும் நடந்தது. பீட் ரோஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 'பேஸ்போலில் பந்தயம் கட்டியதற்கு மன்னிக்கவும்' என்று பந்தில் எழுதி ஒப்பமிட்டு விற்றார். பாவமன்னிப்புக்கும் விலைப்பட்டியல். அது வேடிக்கை. ஆனால் காசு எழுதின கைக்குப் போனது.

என் சண்டை அந்த மேசையோடு இல்லை. மேசையை விட்டுப் போன பிறகு நடப்பதோடு. முதல் விற்பனைக்குப் பிறகு பத்துத் தரம் கைமாறி விலை நூறு மடங்காகும்போது, ஏல நிறுவனம் ஒவ்வொரு தரமும் கொமிஷன் எடுக்கிறது. சான்றிதழ்க்காரர் எடுக்கிறார். விற்கிறவர் எடுக்கிறார். எழுதின கைக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சதமும் இல்லை.

இதற்கிடையில் ஒரு கணக்கு. 1947க்கும் 1979க்கும் இடையில் பெரிய லீக்கில் விளையாடி, நாலு வருட சேவையை எட்டாமல் போன நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. 1980இலிருந்து வந்தவர்களுக்கு 43 நாட்கள் போதும். இவர்களுக்கு அந்த மாற்றத்தைப் பின்னோக்கிக் கொடுக்கவில்லை. 2011இல் ஒரு ஏற்பாடு வந்தது: சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு அதிகபட்சம் 10,000 டொலர். ஆள் செத்தால் மனைவிக்குப் போகாது. இந்த வயதானவர்களுக்குத்தான் முத்திரை ஒட்டிய திருப்பி அனுப்பும் உறையை வைத்து, 'ஐயா, ஒரு கையெழுத்து' என்று ரசிகர்கள் எழுதுகிறார்கள். பலர் இலவசமாகவே போட்டு அனுப்புகிறார்கள். அதில் கொஞ்சம் அடுத்த கிழமை இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. இதைவிடக் கேவலம் என்ன?

என்ன செய்யலாம்

ஒன்று, மறுவிற்பனைப் பங்கு. ஓவியர்களுக்கு இது புதுசில்லை. பிரான்சில் 1920லேயே சட்டம் வந்தது: ஓவியம் திரும்ப விற்கப்படும்போது ஓவியருக்கோ குடும்பத்துக்கோ ஒரு வீதம். 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் நெறியாக்கினார்கள். அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டம் இல்லை. சட்டம் வரும்வரை ஏல நிறுவனங்கள் தாங்களாகச் செய்யலாம். ஒவ்வொரு விற்பனையிலும் தாங்கள் எடுக்கிற கொமிஷனிலிருந்து ஒரு பங்கை வீரரின் குடும்பத்துக்கு, குடும்பம் இல்லாவிட்டால் ஓய்வூதியம் இல்லாத பழைய வீரர்களுக்கு ஒதுக்கட்டும். பத்து லட்சம் டொலருக்கு விற்கிற இடத்தில் இது தூசு.

இரண்டு, கைமாறின வரலாற்றைத் திறந்து வைக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருடம். சொல்ல முடியாத பொருள் ஏலத்துக்கு வரக்கூடாது. நூலகத்திலிருந்து போனது நூலகத்துக்குத் திரும்ப வேண்டும்.

மூன்று, 'அரிது' என்று எழுதினால் ஏன் அரிது என்றும் எழுதுங்கள். ஜாக்சன் என்றால் பஞ்சாலை என்று எழுதுங்கள். கிப்சன் என்றால் நிறத்தடை என்று எழுதுங்கள். வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்று அவருக்குத் தெரியட்டும்.

சேகரிக்கிறவர்களுக்கும் ஒன்று. கையெழுத்துக் கேட்டு எழுதுகிற கடிதத்தில் இரண்டு கேள்வியும் சேர்த்து எழுதுங்கள்: எப்படி விளையாட வந்தீர்கள், எப்படி நிறுத்தினீர்கள்? வருகிற பதிலை எல்லோரும் வாசிக்க வையுங்கள். அந்தப் பதில் கையெழுத்தைவிடப் பெறுமதி.

கடைசியாக ஒரு வழக்கு. ஜாக்சன் 1951இல் இறந்தார். அவருடைய மரண சாசனம் தென் கரோலினாவின் கிறீன்வில் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. அதில் அவருடைய ஒப்பமும் இருக்கிறது. கேட்டி 1959இல் இறக்கும்போது சொத்தை அமெரிக்க இருதயச் சங்கத்துக்கும் புற்றுநோய்ச் சங்கத்துக்கும் எழுதி வைத்தார். கையெழுத்தின் விலை ஏறியபோது, அந்தச் சாசனத்தின் மூலப் பிரதி தங்களுக்குரியது என்று இரண்டு சங்கங்களும் வழக்குப் போட்டன. நல்ல காரியத்துக்குத்தானே, கொடுத்தால் என்ன என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. 1997இல் மாநில உயர் நீதிமன்றம் முடியாது என்றது. அது பொது ஆவணம், ஊருக்குரியது, கையெழுத்து விலைபோகிறது என்பதற்காகக் கோவையிலிருந்து உருவிக் கொடுக்க ஏலாது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிசன், யாருடைய ஏமாற்றும் இல்லாமல், தன் உழைப்பை யாருக்குக் கொடுப்பது என்று தானே தீர்மானித்து ஒப்பமிட்ட கடதாசி அது. அதற்கு விலை போடாமல் விட்ட தீர்ப்பு, இந்தச் சந்தை முழுவதற்கும் எழுதப்பட வேண்டிய தீர்ப்பு.